சாயும் மரத்தைப் படம் காட்டிக்கொடுக்குமா?

2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள். அட்லாண்டிக் பெருங்கடலில் போர்ச்சுகல் நாட்டிற்குச் சொந்தமான மடெய்ரா தீவில் மாதா கோயில் திருவிழா. ஃபுன்ஷால் நகரை அடுத்த மோண்டே என்னும் ஊரில் மக்கள் திரளாகக் கூடியிருந்தனர். புயலோ சூறாவளியோ இல்லை. திடீரெனப் பெரியதோர் ஓக் மரம் கூட்டத்தின்மீது சாய்ந்தது. 13 பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர்.

இத்தகைய மரத்தை முன்கூட்டியே கண்டுகொள்ள வழியில்லையா? உண்டு. மரங்களைப் பற்றி நன்கறிந்த வல்லுநர் ஒருவர் மரத்தைச் சுற்றிவந்து, அடி முதல் நுனி வரை பார்த்துத் தம் கருத்தைக் கூறலாம். ஆனால் ஒரு பெருநகரில் எத்தனை மரங்கள்! 2015-இல் நியூயார்க் நகரில் எடுத்த கணக்கின்படி, தெருவோர மரங்கள் மட்டுமே 6 லட்சத்திற்கு மேல். அத்தனையையும் அடிக்கடி பார்வையிட வல்லுநர்களுக்கு எங்கே போவது? எனவேதான், மரத்தின் புகைப்படத்தைக் கணிப்பொறியிடம் கொடுத்து, 'இது விழுமா?' என்று கேட்கும் முயற்சி தொடங்கியுள்ளது.

மரம் ஏன் முறிகிறது?

காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை, காற்று வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். மரம் வளைந்து கொடுத்து இலைகளை ஒடுக்கிக்கொள்வதால், இவ்விசை ஓரளவு குறைகிறது. ஆயினும் உயரத்திலுள்ள கிளைகளில் விசை செயல்படுவதால், அது நீண்ட நெம்புகோலைப் பிடித்து இழுப்பதுபோல அடிமரத்தை வளைக்கிறது.

உள்ளே பொந்து விழுந்த மரம் உடனே முறிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிமரத்தின் ஆரம் 50 செ.மீ.; நடுவே 35 செ.மீ. ஆரமுள்ள பொந்து எனக் கொள்வோம். மரக்கட்டையில் ஏறத்தாழ பாதி போய்விட்டது. ஆனால் வளைவைத் தாங்கும் திறன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 0.7-இன் நான்காம் அடுக்கு 0.24. ஆகவே வலிமையில் குறைந்தது 24 சதவீதமே! மிதிவண்டிச் சட்டத்தைக் குழாயால் செய்வதும் இதே காரணத்தால்தான். ஜெர்மானிய அறிஞர் கிளாவுஸ் மட்டெக், எஞ்சியுள்ள சுவரின் தடிப்பு ஆரத்தில் 0.3 பங்கிற்குக் குறையலாகாது என்ற வழிகாட்டும் அளவை 1990-களில் கூறினார். மேற்சொன்ன மரம் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது.

அவர் சுட்டிக்காட்டிய மற்றோர் உண்மையும் நமக்கு முக்கியமானது. தகைவு மிகும் இடத்தில் மரம் கூடுதலாகக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. உள்ளே நலிவிருந்தால் வெளியே புடைப்பு தோன்றக்கூடும். விரிசல், காளான், பட்டுப்போன கிளை, புதிய சாய்வு ஆகியனவும் வெளிப்படையான அறிகுறிகளே. கண்ணுக்குத் தெரிபவை படத்திலும் விழும் அல்லவா?

கணிப்பொறி எப்படிக் கற்கிறது?

கணிப்பொறிக்குப் படம் என்பது வெறும் எண்களின் கட்டம். பக்கத்திற்கு 128 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்தில் 16,384 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் ஒளியளவும் ஓர் எண். 3 புள்ளி அகலமும் 3 புள்ளி உயரமும் உள்ள சிறு சன்னலைப் படத்தின்மேல் நகர்த்தி, உள்ளே அகப்படும் எண்களைச் சில எடைகளால் பெருக்கிக் கூட்டினால், விளிம்புகளும் கோடுகளும் தனித்துத் தெரியும். அடுத்த அடுக்கு, கோடுகளைச் சேர்த்து வடிவங்களை அறியும். கடைசி அடுக்கு விடை சொல்லும். விடை தவறானால் எடைகள் சிறிதளவு திருத்தப்படும். பல்லாயிரம் முறை இவ்வாறு திருத்திக்கொள்வதையே 'எந்திரக் கற்றல்' என்கிறோம்.

விடை சரியா தவறா என்பதை முடிவு செய்வது யார்? வல்லுநரே. ஒரு மரம் முறியும் வாய்ப்பை வல்லுநர்கள் 'வாய்ப்பில்லை', 'நேரலாம்', 'நேரக்கூடும் என எதிர்பார்க்கலாம்', 'உடனே நேரும்' என நான்கு படிகளாகப் பிரிப்பது வழக்கம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வாறு வகைப்படுத்திய சில நூறு மரங்களின் படங்களைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றுவித்துச் சோதித்துள்ளனர். புயலில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது அங்கு பெருந்தொல்லை.

மதிப்பெண் தரும் மயக்கம்

'எங்கள் பொறி 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது' என்று ஒருவர் கூறினால் மகிழ்ந்துவிடலாமா? 1,000 மரங்களில் 20 மட்டுமே ஆபத்தானவை எனக் கொள்வோம். எதையும் பாராமல், 'எல்லா மரமும் நல்ல மரமே' என்று சொல்லும் சோம்பேறிப் பொறியும் 980 முறை சரியாகவே சொல்லும். அதன் மதிப்பெண்ணும் 98 தான். ஆனால் நாம் தேடிய 20-இல் ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லை!

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். ஆபத்தான மரங்களில் எத்தனையைத் தவறவிட்டது? நல்ல மரங்களில் எத்தனைமீது வீண்பழி சுமத்தியது? முதல் தவறில் மனித உயிர் போகும். இரண்டாவதில், நிழல் தந்து வந்த நல்ல மரம் கோடரிக்கு இரையாகும்.

மேலும், பொறி கற்பது மரம் விழும் விதத்தை அன்று, வல்லுநரின் தீர்ப்பை. அவர் பிழை செய்தால் அதுவும் பிழை செய்யும். படத்தில் வேர் தெரியாது. சாலை வேலைக்காகத் தோண்டியபோது வேர் அறுபட்டிருந்தால், இலைகள் பசுமையாக இருக்கும்போதே மரம் சாயலாம். உள்ளே இருக்கும் உளுப்பை அறிய, அடிமரத்தில் ஒலியலையைச் செலுத்தும் கருவிகள் உள்ளன. நல்ல கட்டையில் ஒலி விரைவாகவும் உளுத்த கட்டையில் மெதுவாகவும் செல்லும்.

இடமும் மாறக்கூடாது. 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மாசச்சூசெட்ஸின் மரங்களைப் பார்த்துப் பழகிய பொறி, நம் தூங்குமூஞ்சி மரத்தையும் குல்மோகரையும் அறியாது. நம் ஊர் மரங்களைப் படமெடுத்து, நம் வல்லுநர்கள் வகைப்படுத்தி, அதற்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும்.

மரம் முறியும் வாய்ப்பு வேறு, அபாயம் வேறு என்பதையும் மறக்கலாகாது. ஆளில்லாப் பொட்டலில் நிற்கும் உளுத்த மரத்தால் யாருக்கும் தீங்கில்லை. அதே மரம் பள்ளி வாசலில் நின்றால் கதையே வேறு.

அப்படியானால் இம்முயற்சி வீணா? இல்லை. லட்சம் மரங்களில் முதலில் எந்த ஆயிரத்தைப் போய்ப் பார்ப்பது என்று வல்லுநருக்குச் சொல்லும் சல்லடையாகப் பொறி பயன்படும். சல்லடையில் தங்கியதை எல்லாம் வெட்டிவிடக் கூடாது. அதில் விழுந்ததை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. அருகே சென்று, தட்டிப் பார்த்து, வேர்ப்பகுதியைக் குனிந்து நோக்கும் மனிதரின் வேலை அதன் பிறகே தொடங்குகிறது.