சத்துணவுக் கூடத்துக் கழிவு உரமாகும் விதம்

100 பிள்ளைகள் சத்துணவு சாப்பிடும் ஒரு பள்ளியில் வாரத்துக்கு 500 முட்டை ஓடுகள் சேரும். ஓர் ஓட்டின் எடை சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரைக் கிலோ. இதனுடன் தினமும் வெங்காயத் தோல், கேரட் சீவல், கீரைத் தண்டு, புளிச்சக்கை. பல இடங்களில் இவை எல்லாம் ஒரு பழைய வாளியில் சேர்ந்து, மாலையில் சுற்றுச்சுவர் ஓரம் கொட்டப்படுகின்றன. அதைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. ஆகவே, இது தோட்டத்தில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரின் வேலை என்று விட்டுவிடக்கூடியதல்ல.

தோலை அப்படியே செடியின் தூரில் போட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். பச்சைக் கழிவு குவியலாக அழுகும்போது வேரைச் சுற்றிக் காற்று குறைகிறது, எறும்பும் ஈயும் மொய்க்கின்றன. சருகு, தேங்காய் நார் போன்றவற்றை மண்ணில் கலந்தாலோ, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் எடுத்துக்கொள்கின்றன; செடி வெளுத்துப் போகிறது. முதலில் மட்க வேண்டும், பிறகுதான் உரம்.

மட்குவது என்பது நுண்ணுயிரிகள் சாப்பிடுவதுதான். அவற்றுக்கும் நம்மைப் போலவே சோறும் வேண்டும், பருப்பும் வேண்டும். சருகில் இருக்கும் கார்பன் சோறு. காய்கறித் தோலில் இருக்கும் நைட்ரஜன் பருப்பு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சமையலறைக் கழிவில் மட்டும் நைட்ரஜன் கூடுதல். சருகில் மட்டும் கார்பன் மிகக் கூடுதல். அளந்து பார்க்கக் கருவி தேவையில்லை. ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி சருகு என்பது போதுமான கணக்கு. நம் பள்ளிகளில் வேம்பும் புங்கையும் உதிர்க்கும் சருகுக்குப் பஞ்சமில்லை. அதைக் கூட்டி எரிப்பதும் இதோடு நின்றுபோகும்.

குழி வெட்டுவதைவிடத் தரைக்கு மேலே தொட்டி வைப்பது மேல் என்பது என் கருத்து. ஐப்பசி மழையில் குழி குளமாகிவிடும். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, 3 அடிக்கு 3 அடியில் இரண்டு தொட்டிகள் போதும். அல்லது பக்கவாட்டில் துளையிட்ட பிளாஸ்டிக் டிரம். குடிநீர்க் குழாய்க்கும் வகுப்பறைக்கும் தள்ளி, நிழலில் வைக்கவும். அடியில் அரை அடிக்குச் சுள்ளி, தேங்காய் மட்டை. அதன்மேல் நறுக்கிய கழிவு, அதை மூடும்படி சருகு, கொஞ்சம் சாணக் கரைசல். எந்த நாளும் மேலடுக்கு சருகாகவே இருக்க வேண்டும். ஈயும் நாற்றமும் வராமல் இருப்பதற்கு இது ஒன்றே வழி. உப்பும் எண்ணெயும் சேர்ந்த சோற்று மிச்சத்தை இதில் போட வேண்டாம்.

வாரம் ஒருமுறை கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். வழிந்தால் சருகு சேர்க்கவும், உதிர்ந்தால் நீர் தெளிக்கவும். அழுகிய முட்டை வாசனை வந்தால் காற்று போதவில்லை. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிகுதி. இரண்டாவது வாசனையை வேதியியல் வகுப்பிலும் பயன்படுத்தலாம்.

குவியலின் நடுவே வெப்பநிலை 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். சிறிய தொட்டியில் அவ்வளவு ஏறாமலும் போகலாம். ஆல்கஹால் வெப்பமானியால் தினமும் அளந்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரைபடம் வரையச் சொல்லலாம். பாதரச வெப்பமானி வேண்டாம். உள்ளே உடைந்தால் அந்த உரம் முழுவதும் வீண். தொடக்கப் பள்ளியில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, நுனியை ஆசிரியர் தொட்டுப் பார்த்தபின் பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும். அடுப்பில்லாமல் சூடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக வரும்.

முட்டை ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாற்றில் போட்டால் குமிழி கிளம்புவது கார்பன் டை ஆக்சைடு. ஆனால், முழு ஓட்டைத் தொட்டியில் சொருகி வைத்தால் ரோஜா பூக்கும் என்பது வெறும் நம்பிக்கை. ஒரு பருவத்தில் அது கரையாது. காயவைத்து மாவாக இடித்துப் போட்டால்தான் பயன், அதுவும் புளிப்பான மண்ணில். சுண்ணாம்பு நிறைந்த கரிசல் மண்ணுக்கு அது தேவையே இல்லை.

யார் செய்வது என்பதில் கவனம் தேவை. சமையலரும் உதவியாளரும் ஏற்கெனவே வேலைப்பளுவில் இருப்பவர்கள். அவர்களிடம் கேட்கக்கூடியது கழிவைத் தனி வாளியில் போடுவது மட்டுமே. கிளறும் வேலை குறிப்பிட்ட சில பிள்ளைகளுக்கோ, தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகவோ போகக்கூடாது. குப்பை அள்ளுவது இன்னாருடைய வேலை என்று ஊரில் இன்னும் நினைப்பவர்கள் இருக்கும்போது, பள்ளி அதற்குத் துணைபோகக்கூடாது. வருகைப்பதிவேட்டு வரிசையில், ஆணும் பெண்ணுமாக எல்லாரும், ஆசிரியரும் சேர்த்து. கையுறையும் பிறகு சோப்பும் கட்டாயம்.

இரண்டு, இரண்டரை மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கி, கருத்து, மழை பெய்த மண் வாசனை வரும். நம்பிவிடாமல் சோதிக்கவும். உரம் கலந்த மண்ணில் 10 பச்சைப்பயறு, வெறும் மண்ணில் 10. உரத் தொட்டியில் முளைப்பு குறைந்தால் இன்னும் மட்கவில்லை. மேலும் இரண்டு வாரம் விடவும். தேறியபின் ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண். ஜூனில் நிரப்பத் தொடங்கி, ஜூலை நடுவில் முதல் தொட்டியை மூடி இரண்டாவதற்கு மாறினால், பருவமழைக்கு முன் கீரைப் பாத்திக்கும் வெண்டைக்கும் அது கைக்கு வந்துவிடும்.