ஊருக்கெல்லாம் ஓர் அத்தை

நம் குடும்பங்களில் அத்தைக்கென்று ஒரு தனி ஸ்தானம் உண்டு. குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளில் அதன் காதில் பெயரை மும்முறை சொல்பவள் அத்தை. சீராட்டுவதில் முதலில் நிற்பாள். பிழை கண்டால் நேரே சொல்லவும் தயங்கமாட்டாள். தமக்கென மக்கட்பேறு இல்லாத ஓர் அம்மையார், நூற்றுக்கணக்கான மாணவ மாணவியரிடம் இந்த உறவைப் பெற்றார். அவரே காலஞ்சென்ற ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் பயின்றவர்கள் அவரை ‘அத்தை’ என்றே அழைத்தனர். இன்றும் அப்பெயராலேயே நினைவுகூர்கின்றனர். நாட்டியத்துக்கு அவர் ஆற்றிய தொண்டினைப் பலரும் எழுதியிருக்கின்றனர். தறியோடு அவருக்கு இருந்த தொடர்பை நம் அங்கத்தினர்கள் அறியவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவர் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். 1920இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது பட்டணத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர், சதிர் என வழங்கிவந்த ஆடற்கலையைப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகக் கற்று, 1935ஆம் ஆண்டு இறுதியில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். ஒரு மரபினர் போற்றிக் காத்த கலையை மற்றவர் மேற்கொண்டது குறித்து அன்றும் வாதம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் நமது தலைமைச் சங்கம் தோன்றியது அதற்கு முந்தின ஆண்டில்தான்.

ஆடலுக்கு உடை வேண்டும். அம்மையார் மனத்தில் இருந்த வண்ணமும் கரையும் அந்நாளைய கடைச் சரக்கில் அகப்படவில்லை. ஆகவே பள்ளியிலேயே நெசவுக்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார். பழைய சேலைகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் மீண்டும் நெய்வித்தார். உடலுக்கு ஒரு வண்ணம், அகன்ற கரைக்கு அதற்கு மாறான மற்றொரு வண்ணம் என்ற பழைய அமைப்பு, மேடையில் தொலைவிலிருந்து காண்போர் கண்ணுக்கும் எடுப்பாகத் தெரிந்தது. இன்றும் ‘கலாக்ஷேத்திரா சேலை’ என்று கேட்டு வாங்குவோர் உண்டு. பிற்காலத்தில் கலம்காரி வேலைக்கும் இயற்கைச் சாயத்துக்கும் அவர் அங்கே இடமளித்தார்.

இவ்வமைப்பின் உயிர்நாடி கோர்வை என்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டு விளைவிக்கும் அங்கத்தினர்களுக்காகச் சில வார்த்தைகள்: கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வோர் ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரே தறியில் அமர்ந்து விரைந்து முடிக்க இயலாது. பக்கத்தில் கை கொடுக்க ஓர் ஆள் தேவை. முந்தானைக்கு வேறு வண்ணம் வேண்டுமானால், பாவின் பழைய இழைகளோடு புதிய இழைகளைப் பிணைத்துப் பெட்னி போட வேண்டும். இவ்வளவு உழைப்பு இருப்பதால், நாளடைவில் கோர்வையை விட்டு எளிய நெசவுக்கு மாறினோர் பலர்.

உழைப்பு மிகுதி என்பதற்காக அம்மையார் தரத்தைத் தளர்த்தவில்லை. மேடையில் ஆடும் மாணவிக்கு எது தகும் என்று பார்த்தாரோ, அதே கண்ணோடு சேலையின் கரையையும் பார்த்தார். பதவிகள் அவரைத் தேடிவந்தன. 1952இல் ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினரானார். வாயில்லாப் பிராணிகளுக்காக இடையறாது வாதாடினார். அதன் பயனாக 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தபோது, வேண்டாமென மறுத்துத் தம் பள்ளியிலேயே இருந்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று அவர் மறைந்தார். 1993இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் கலாக்ஷேத்திரம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

இதில் நமக்கு என்ன பாடம்? அத்தை என்பவள் பழையதைப் பெட்டியில் வைத்துக் காப்பவள். நாமோ அதை நிறுத்துவிற்கிறோம். ‘பழைய பட்டுச்சேலை வாங்கப்படும்’ என்ற அறிவிப்பை எந்த ஊரிலும் காணலாம். ஜரிகையில் வெள்ளி இருப்பதால் சேலையை எரித்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். விற்றவருக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. வறுமையால் விற்பவரைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கணக்கிட்டு நெய்த கரை, அந்த நெருப்போடு போய்விடுகிறது. மறுபடி நெய்ய விரும்பினாலும் பார்த்து நெய்ய மாதிரி இராது. சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் பார்வையிடுவது என் தொழில். அவற்றில் எடைக்கும் ஜரிகைக்கும் விலைக்கும் கட்டம் உண்டு. கரையின் பெயரை எழுதக் கட்டம் இருப்பதை நான் கண்டதில்லை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அங்கத்தினர் வீட்டிலுள்ள பழைய சேலை விலைக்குப் போகுமுன் சங்கத்துக்கு ஒரு நாள் கொண்டுவந்து காட்டலாம். கரை, முந்தானை, உடல் மூன்றையும் புகைப்படம் எடுத்து, இழைக் கணக்கையும், மூத்த நெசவாளர் சொல்லும் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பழைய கரைகளைக் கோர்வையாக நெய்ய நிர்வாகக் குழு ஆர்டர் தரலாம். அதற்குரிய கூடுதல் கூலியையும், பக்கத்து ஆளின் கூலியையும் விலையில் ஒளிக்காமல் சேர்க்க வேண்டும். நல்ல சரக்கின் மதிப்பை எடுத்துச் சொன்னால் வாங்குவோர் வருவர் என்பதை அம்மையாரின் நெசவுக்கூடம் காட்டியுள்ளது.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு சங்கத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் வயது முதிர்ந்த அத்தை இருப்பவர்கள், அவர் பெட்டியைத் திறக்கச் சொல்லி இன்றே தொடங்கலாம்.