ஜன்னலைக் கழற்றும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

படாளத்திலிருந்து கிழக்கே வேலைக்குப் போனால் இரும்பு கெட்டிருக்கும். மேற்கே போனால் மரம் கெட்டிருக்கும். சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று கம்பியையும் கீலையும் தின்கிறது. வேடந்தாங்கல், மதுராந்தகம் பக்கம் ஏரியும் கரும்புத் தோட்டமும் நெல் வயலும். அங்கே ஈரமும் கரையானும் சட்டத்தைத் தின்கின்றன. நான் தச்சன். புது வேலையைவிட ரிப்பேர் வேலைதான் அதிகம் பார்க்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மதுராந்தகத்தில் ஒரு பெரியம்மா என்னைக் கண்டதும், "ஏன் ஆசாரியாரே, இந்தப் பழசையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு யூபிவிசி வெச்சிடலாமா?" என்று கேட்டார். "வெச்சுக்கலாம்மா. ஆனா தண்ணி வர்ற வழியைப் பாக்காம வெச்சா, அதுக்குள்ளயும் வரும்" என்றேன். மேலே ஏறிப் பார்த்தால், சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல். மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கி நேராக ஜன்னலின் மேல் சட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது. கொத்தனாரை வைத்து விரிசலை அடைத்த பிறகு, எனக்கு அங்கே அரை நாள் வேலைதான் மிஞ்சியது.

தண்ணீர் வரும் வழிகள் அதிகமில்லை. சன்ஷேட்டின் அடிப்பக்கம் விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும். அது இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டி விழும். பூசும்போது அதை மூடிவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே உள்ள திட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உள்ளே ஓடி வந்தால் குறை மரத்தில் இல்லை, பூச்சில்.

மூன்றாவது வழியை யாரும் பார்ப்பதில்லை. கதவின் அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்றிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெயின்டர் அங்கே பிரஷ் வைத்திருக்க மாட்டார். நெட்டுவாக்கில் நிற்கும் கட்டைகளின் வெட்டு முனை அங்கேதான் இருக்கிறது. மரத்தின் நார்கள் உறிஞ்சுகுழல் மாதிரி. வெட்டு முனை வழியாகக் குடிக்கும் தண்ணீர், பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு. அதனால்தான் ஜன்னல் கதவு எப்போதும் கீழ் மூலையில் முதலில் உளுத்துப்போகிறது. கதவைக் கழற்றி, நன்றாகக் காயவிட்டு, அடி விளிம்புக்கு பிரைமரும் இரண்டு கை பெயின்டும் கொடுத்தால் பல வருஷம் ஓடும்.

உளுத்த மூலையை என்ன செய்வது? திருப்புளியால் குத்திப் பாருங்கள். எதிர்த்து நின்றால் பயமில்லை. பொத்தென்று இறங்கினால், கெட்டி மரம் வரும்வரை சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, அதே ஜாதி மரத்தில் நன்றாகக் காய்ந்த துண்டைப் பொருத்தி, தண்ணீருக்குத் தாங்கும் பசையும் திருகாணியும் போட்டு ஒட்டவேண்டும். பலர் அந்த ஓட்டையில் சிமென்ட்டைத் திணிக்கிறார்கள். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் இரண்டும் செய்யாது. இடையில் விழும் கோட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்கும். அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிடப் பெரிய ஓட்டை.

கட்டையில் மண் பூசினாற்போல் கோடு தெரிந்தால் அது கரையான். தரையிலிருந்து சுவர் வழியாக ஏறி வருவது. ஜன்னலில் மட்டும் மருந்தடித்தால் பக்கத்து அலமாரிக்குப் போகும். அஸ்திவாரத்தையொட்டி மண்ணிலும் மருந்து இறங்கவேண்டும். ஊசித்துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது வண்டு. மண்ணோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. துளைக்குள் மருந்து ஏற்றினால் போதும்.

மழையில் கதவு மூடவில்லை என்றதும் "கொஞ்சம் இழைச்சி விடுங்க" என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நான் இழைப்புளியை எடுப்பதில்லை. மரம் அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் அநேகமாக ஊதாது. ஊதியிருக்கும்போது இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் சந்து விழும். முதலில் கீலைப் பார்க்கவேண்டும். பாதிக்குப் பாதி, மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். திருகாணியைக் கழற்றி, துளையில் பசை தடவிய மூங்கில் குச்சியை அடித்து இறுக்கி, ஒரு சுற்று நீளமான திருகாணி போட்டால் கதவு தானாக எழுந்து நிற்கும். இதற்கு ஆசாரியே தேவையில்லை.

இனி கடற்கரை. இரும்பு துருவானால் பருமன் பல மடங்கு பெருகும். சுவருக்குள் புதைந்த கம்பியின் முனை துருப்பிடித்தால் பூச்சு வெடிப்பது அதனால்தான். உப்பு கம்பியின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே பெயின்டுக்கு முன் கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிடவேண்டும். துருவின் மேலேயே எனாமல் அடிப்பது காசைக் கடலில் போடுவது. கீல் பித்தளையென்றால் திருகாணியும் பித்தளையாக இருக்கட்டும். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போட்டால் உப்பு ஈரத்தில் இரும்பு சீக்கிரமே கரைந்துவிடும். எவர்சில்வர் வாங்குவதானால் கடைக்காரரிடம் 316 என்று கேளுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் 304 கடலோரத்தில் பழுப்புக் கறை கட்டும். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

அலுமினிய ஜன்னலுக்குள் மழை வருகிறது என்று கூப்பிடும் இடங்களில், பெரும்பாலும் அடித் தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் உள்ள சிறு துளைகள்தான் அடைத்திருக்கும். தண்ணீர் வெளியேறுவதற்காகவே வைத்த துளைகள் அவை. வீடு கட்டும்போது சிமென்ட் விழுந்து மூடியிருக்கும், அல்லது வருஷக்கணக்கான தூசி. ஒரு கம்பியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது. கூலி வாங்கவே கூச்சமாக இருக்கும்.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அடுத்த வாரம் முழுக்க எனக்குக் கண்ணாடி வேலை. நான் போன வீடுகளில் காற்று நேராக மோதி உடைத்த கண்ணாடி குறைவு. கொக்கி இல்லாமல் கதவு சுவரில் போய் அடித்து உடைந்ததே அதிகம். நாற்பது ரூபாய்க் கொக்கி இருந்திருந்தால் அத்தனை கண்ணாடியும் பிழைத்திருக்கும். சில வீடுகளில் கண்ணாடிக்குக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டியிருந்தார்கள். அதனால் கண்ணாடிக்குப் பலம் கூடுவதில்லை. சில்லுகள் பெரிய துண்டுகளாக வந்து விழும், அவ்வளவுதான். அமெரிக்காவில் சூறாவளி எச்சரிக்கை கொடுப்பவர்களே டேப் வேண்டாம் என்கிறார்கள். வெளிப்பக்கம் பிளைவுட் பலகை அடிப்பதுதான் காப்பு.

மரச்சட்டத்தில் கண்ணாடி மாற்றுவது பொறுமை வேண்டிய வேலை. கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய மக்கை உளியால் சுரண்டி எடுத்து, பள்ளத்துக்கு ஒரு கை பிரைமர் அடிக்கவேண்டும்; இல்லாவிட்டால் வறண்ட மரம் மக்கிலிருக்கும் எண்ணெயைக் குடித்துவிடும். கண்ணாடியை அளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள், மரம் ஊத இடம் வேண்டும். மெல்லிய மக்குப் படுகையின் மேல் கண்ணாடியை அமர்த்தி, சின்ன ஆணிகளால் நிறுத்தி, முன்பக்கம் சாய்வாக மக்கு வைக்கவேண்டும். சீமைச்சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த மக்கு அது. சுவருக்கு அடிக்கும் பட்டியை வாங்கிவந்து அப்பாதீர்கள், நொறுங்கி உதிரும். மக்கு தோல் கட்ட ஒரு வாரமாவது விட்டு, பெயின்ட் ஒரு நூல் அளவு கண்ணாடியின் மேலும் ஏறும்படி அடித்தால் தண்ணீர் நுழையாது.

மரம் அழியக்கூடியது என்பது நம் பக்கத்துக்குப் புதிய சேதியில்லை. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டிய கல்வெட்டு, மரமும் செங்கலும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. மாமல்லபுரத்து ரதங்களில் கூரையோரம் வரிசையாக இருக்கும் கூடு என்ற அலங்கார வளைவுகளைப் பார்க்கும்போது, மரத்தில் செய்ததைப் பார்த்துக் கல்லில் வெட்டியவன் என் தொழில்காரனைத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பராமரித்தால் மரமும் நிற்கும். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போய்ப் பாருங்கள். இடிக்கப்பட இருந்த செட்டிநாட்டு, கேரளத்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து முதிர்ந்த தேக்கு இன்று மரக்கடையில் சுலபமாகக் கிடைக்காது. பழைய ஜன்னலை எடைக்குப் போடுகிறவர்கள் நல்ல மரத்தைக் கொடுத்துவிட்டு இளமரத்தை வாங்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடைந்த கண்ணாடியைச் செருப்புப் போட்டுக்கொண்டு, தடித்த கையுறையோடு எடுங்கள். பழைய செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே "கண்ணாடி" என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருகிறவரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். மற்றக் குப்பையோடு கலந்து பையில் கட்டிப் போட்டால், அதை வெறுங்கையால் பிரிக்கப்போவது அவர்தான்.