கங்காணியும் ஏஜெண்டும்

பௌர்ணமி கிரிவலத்தில் என்னோடு நடந்துவந்த அண்ணன் மகன் குபேர லிங்கத்தின் முன்னால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றான். "இன்னாடா வேண்டிக்கிட்ட?" என்றேன். "விசா, சித்தப்பா" என்றான். எங்களைத் தாண்டி நடந்த வெள்ளைக்காரர்கள் விசா வாங்கிக்கொண்டு இந்த மலையைத் தேடி வந்தவர்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கு வறுமைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். நான் பார்த்தவரை, செங்கம், போளூர்ப் பக்கம் எதுவுமே இல்லாதவர்கள் பெங்களூர் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறார்கள். துபாய்க்குப் போக முதலில் கடன் கிடைக்க வேண்டும். கடன் கிடைக்கக் கொஞ்சம் நிலமோ நகையோ ஜாமீனுக்கு ஓர் ஆளோ வேண்டும். ஆக, போகிறவர் பணயம் வைக்க ஏதோ கொஞ்சம் உள்ளவர்.

சங்கதி புதிதுமில்லை. சென்னையில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது. அதன்பின் ஆற்காட்டு ஜில்லாக்களிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் ஏராளம். இலங்கை, மலேயா தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் சேர்த்தான். முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான். அந்த முன்பணமே ஆளைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது. ஏஜெண்ட் தலைகீழ்: பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஏஜெண்ட் பதிவு செய்தாக வேண்டும் என்றது. அவர் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு வந்தது. ஊரில் கைமாறும் தொகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடன் கொடுத்தவன் தோட்டத்தை விட்டு நம் தெருவுக்கே வந்துவிட்டான், அவ்வளவுதான்.

கடன், போனதன் விளைவாக மட்டும் நிற்பதில்லை. மறுபடி போவதற்குக் காரணமாகவும் ஆகிவிடுகிறது. ஒப்பந்தம் முடித்துவந்த பக்கத்து ஊர்க்காரர் சொன்னார்: "மொத தடவ வீடு கட்டப் போனேன். ரெண்டாந்தடவ, மொத தடவ வாங்குன கடன அடைக்கப் போனேன்." கடன் அடைந்த பிறகும் ஏன் போனீர்கள் என்றதற்குச் சற்று யோசித்து, "அங்க எவனும் நீ எந்தத் தெருன்னு கேக்கல சார்" என்றார். தள்ளுவிசை, ஈர்ப்புவிசை என்று பிரிக்கும் புலப்பெயர்வுக் கோட்பாடு இந்தப் பதிலை எந்தப் பக்கம் வைக்கும்? தன் பாஸ்போர்ட் அங்கே முதலாளியின் பெட்டியில் இருந்தது என்பதையும் அவரேதான் சொன்னார்.

இதையெல்லாம் நடந்துகொண்டே அண்ணன் மகனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "நீங்க ஊர விட்டு டவுனுக்கு வந்தப்ப யாராச்சும் இப்படிக் கணக்கு சொன்னாங்களா சித்தப்பா?" என்றான்.

வட்டிக்காரரிடம் ஜாமீனுக்கு அவன் ஏற்கெனவே என் பெயரைத்தான் சொல்லியிருந்தான். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.