பால் சங்கத்துக்கு எந்த பேட்டரி?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இடவப்பாதி மழை பிடித்தால் கரண்ட் போகும். தென்னை மட்டை கம்பியில் விழும். வீட்டில் விளக்கை ஏற்றிச் சமாளிப்போம். பால் சங்கத்தில் என்ன செய்வது?

காலையில் பாலோடு வரிசையில் நிற்கிறீர்கள். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று இயந்திரம் பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் விலை. இயந்திரம் நின்றால் வரிசையும் நிற்கும். இதற்காகத்தான் இன்வெர்ட்டரும் பேட்டரியும்.

இத்தனை காலம் நாம் பார்த்தது ஈய பேட்டரி. உள்ளே ஈயத் தகடும் அமிலமும் இருக்கும். அவ்வப்போது சுத்த நீர் ஊற்ற வேண்டும். மறந்தால் தகடு கெடும். மறப்பதுதான் நம் வழக்கம்!

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்திருக்கிறது. பெயர் நீளம். பயப்பட வேண்டாம். இரும்பு நமக்குத் தெரியும். பாஸ்பேட் வாழைக்குப் போடும் உரத்தில் இருக்கிறது. லித்தியம் மிக லேசான உலோகம். அமெரிக்காவில் குட்இனஃப் என்ற அறிஞரும் கூட்டாளிகளும் 1997-இல் இந்தப் பொருளைப் பற்றி எழுதினார்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்காக 2019-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 97! நம் வைக்கத்தில் 2017-இல் ஓடத் தொடங்கிய சூரிய ஒளிப் படகிலும் லித்தியம் பேட்டரிதான் வைத்தார்கள்.

இந்த பேட்டரிக்குத் தண்ணீர் வேண்டாம். ஈய பேட்டரி முழுதாக ஏறப் பத்து மணி நேரம் ஆகலாம். இது தகுந்த சார்ஜர் இருந்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஏறும். காலையில் போன கரண்ட் உச்சிக்கு வந்தால் போதும். மாலைப் பாலுக்குத் தயார். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் கெடும். இதில் நூற்றுக்கு எண்பது பங்கு எடுக்கலாம்.

விலை? அங்கேதான் தயக்கம். கணக்குக்காக ஈய பேட்டரி 15,000 ரூபாய், புதியது 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஈய பேட்டரி நான்கு ஆண்டு உழைத்தால், 12 ஆண்டில் மூன்று வாங்க வேண்டும். செலவு 45,000 ரூபாய். நன்றாகப் பார்த்துக்கொண்டால் புதியது ஒன்றே 12 ஆண்டு உழைக்கலாம். ஆனால் பழைய ஈய பேட்டரியைக் கொடுத்தால் கொஞ்சம் பணம் திரும்ப வரும். அதையும் கழித்துப் பாருங்கள். கரண்ட் எப்போதாவது மட்டும் போகும் இடத்துக்கு ஈய பேட்டரியே போதும் என்பேன். தினமும் போகும் இடத்தில் புதியதுதான் லாபம்.

வாங்கும் முன் உங்கள் இன்வெர்ட்டர் இதற்குப் பொருந்துமா என்று கேளுங்கள். எல்லாம் பொருந்தாது. உள்ளே காவல் பலகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதிகம் ஏறினாலும், அதிகம் இறங்கினாலும், சூடானாலும் அது பேட்டரியை நிறுத்திவிடும். மற்ற லித்தியம் வகைகளைவிட இது தீப்பிடிப்பது குறைவு. ஆனாலும் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். திறந்து பார்க்க வேண்டாம்.

பழைய ஈய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைக்காதீர்கள். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஈயத் தூசி பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்.