இரண்டு டிக்கெட், ஒரு பிரமிட்!

'மாயா' என்றதும் மர்மக் காலண்டர், 2012-ல் உலகம் அழியப் போகிறது என்று கிளம்பிய புரளி, இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வருகிறதா? உலகம் அழியவில்லை. ஆகவே மாதா மாதம் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டித்தான் ஆகவேண்டும். அதைக் கட்டிய பிறகு மிச்சமிருக்கிற பணத்தில், மெக்ஸிகோவின் யுகட்டான் மாநிலத்தில் இருக்கிற சிச்சென் இட்ஸாவை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா என்பதுதான் கேள்வி.

'மெக்ஸிகோவெல்லாம் நமக்கெதுக்கு சார்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியருக்கு மெக்ஸிகோ போகத் தனி விசா வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம்ம பையன்கள் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் கான்குன் கடற்கரைக்குப் பறப்பது இதனால்தான். கான்குனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் பிரமிட். சாலையில் இரண்டரை மணி நேரம்.

முதலில் வாசலில் ஆகிற செலவு. இங்கே நுழைவுச்சீட்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மத்திய அரசின் தொல்லியல் துறைக்கு, இன்னொன்று மாநில அரசுக்கு. ஒரே பிரமிட்டைப் பார்க்க இரண்டு சர்க்காருக்கும் மொய் எழுதியாக வேண்டும். 2024-ல் வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்த்து 643 பேசோ, நம்ம கணக்கில் சுமார் 3,000 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 100 பேசோகூட இல்லை. மீதியெல்லாம் மாநிலத்துக்கு! இத்தனைக்கும் அந்த நிலமே 2010 வரை ஒரு தனியார் குடும்பத்தின் சொத்து. யுனெஸ்கோ 1988-லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தும், பிரமிட் நின்றது பட்டா நிலத்தில்தான். 2010-ல் மாநில அரசு 220 மில்லியன் பேசோ கொடுத்து வாங்கியது. போட்ட முதலை எடுக்க வேண்டாமா? ஜனவரி பிறந்தால் கட்டணம் ஏறுவது அங்கே வழக்கம். எனவே 2024 கணக்குக்கு மேல் பாதி சேர்த்து எடுத்து வையுங்கள். மிஞ்சினால் ஐஸ்க்ரீம்.

அடுத்து ஒரு குழப்பம். மெக்ஸிகோவில் பேசோவுக்கும் அதே டாலர் குறிதான் போடுகிறார்கள். ஓட்டல் மெனுவில் சாப்பாட்டுக்கு எதிரே டாலர் குறியும் 150-ம் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது பேசோ. (டாலர் குறியே பேசோவிலிருந்து பிறந்ததுதான் என்பது சரித்திரக்காரர்கள் பலரின் கட்சி. அதனால் சண்டைக்கும் போக முடியாது.) டாலராகவே நீட்டினால் கடைக்காரர் தனக்குத் தோதான ரேட்டில் மாற்றிக்கொள்வார். ஏ.டி.எம். இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்குப் பண்ணட்டுமா?' என்று அன்பாகக் கேட்கும். 'வேண்டாம் தாயே' என்கிற பட்டனை அழுத்துங்கள். அந்த அன்புக்குக் கமிஷன் உண்டு.

இப்போது முக்கியமான செலவு, பயணம். கான்குனில் தடுக்கி விழுந்தால் டூர் ஏஜென்ட். அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர் ஒருவர் 2024-ல் 55 டாலர் டூரில் போய் வந்தார். ஏ.சி. பஸ், பஃபே சாப்பாடு, கிணற்றுக் குளியல், எல்லாம் அடக்கம். அடங்காதது ஒன்றே ஒன்று... நுழைவுக் கட்டணம்! பஸ் ஏறிய பிறகு மைக்கில் அறிவித்து 37 டாலர் வசூலித்தார்கள். பஃபேயில் தண்ணீருக்குத் தனிக் காசு, 6 டாலர். டிரைவர், கைடு டிப்ஸ் 7. ஆக 105 டாலர். விடிகாலையில் ஏறியவரை, மற்ற ஓட்டல்களில் ஆள் பொறுக்கி, கைவினைக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தி, குளிப்பாட்டி, சோறு போட்டு, உச்சி வெயிலில் பிரமிட் முன்னால் இறக்கிவிட்டு 'ஒண்ணே முக்கால் மணியில் பஸ் கிளம்பிடும்' என்றார்களாம். 105 டாலர், 105 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு டாலர்!

பி.காம். படித்தவன் புத்தி சும்மா இருக்குமா? இன்னொரு வழிக்குக் கணக்குப் போட்டேன். முதல் நாள் சாயங்காலமே கான்குன் அறையைக் காலி செய்துவிட்டு பஸ்ஸில் வயடோலித் என்கிற ஊருக்குப் போய்த் தங்குவது. ஸ்பானியர்கள் 1543-ல் ஏற்படுத்திய அழகான சின்ன ஊர். அறை வாடகை கான்குனைவிடக் குறைவு, எப்படியும் எங்காவது படுத்தாக வேண்டும், ஆகவே அது புதுச் செலவில் சேராது. அங்கிருந்து பிரமிட் 45 கிலோமீட்டருக்குள். 'கொலெக்டிவோ' என்ற ஷேர் வேன் ஓடுகிறது. ஆள் சேர்ந்தால் கிளம்பும், ஒரு தடவைக்கு 100 பேசோவுக்குள். கான்குன் பஸ் போக வர 35 டாலர், வேன் 10, டிக்கெட் 37, சாப்பாடு தண்ணீர் 20. மொத்தம் 102. டூருக்குச் சரிக்குச் சமம். ஆனால் காலை 8 மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்பீர்கள். மதியம் வரை நாலு மணி நேரம் உங்களுடையது.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுங்கச்சாலையில் போக வரப் பல நூறு பேசோ கறந்துவிடுவார்கள். இலவசச் சாலையும் உண்டு. ஊருக்கு ஊர் வேகத்தடை, நேரம் கூடுதல். நாலு பேர் சேர்ந்தால் கார் லாபம், தனி ஆளுக்கு நஷ்டம். 2023 டிசம்பரில் மாயா ரயிலும் வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் இறங்கிப் பிரமிட்டுக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

கடிகாரத்தையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். கான்குன் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-ல் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. யுகட்டான் ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது ஒரு மணி இனாம், திரும்பும்போது வட்டியில்லாமல் பிடுங்கிக்கொள்வார்கள். அன்று ராத்திரியே விமானம் பிடிப்பவர்கள் உஷார்.

சரி, அந்தக் காலை நேரத்துக்கு என்ன அப்படி மதிப்பு? கூட்டம் வருவதற்கு முன் குகுல்கான் பிரமிட்டின் படிக்கட்டுக்கு எதிரே நின்று ஒரு கைதட்டல் தட்டுங்கள். ஏதோ பறவை கூவுகிற மாதிரி எதிரொலி திரும்பி வரும். 'கெட்ஸால்' பறவையின் குரல் என்பார்கள். பதினோரு மணிக்கு மேல் எல்லோரும் தட்டுவார்கள், கல்யாணக் கச்சேரி மாதிரி ஒன்றும் கேட்காது. நாலு பக்கமும் 91 படிகள், உச்சி மேடையும் சேர்த்தால் 365. வருஷத்தின் நாட்களைக் கட்டடமாகவே கட்டியவர்கள்! ஏற மட்டும் முடியாது. 2006-ல் ஒருவர் தவறி விழுந்து இறந்த பிறகு தடை. பந்து மைதானம் 168 மீட்டர் நீளம். வெயில் ஏறிவிட்டால் நிழலுக்கு நாய் படாத பாடு. தொப்பியும் தண்ணீரும் வெளியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வடக்கே நடந்தால் புனிதக் கிணறு, 60 மீட்டர் அகலம். மழைக் கடவுளுக்கு மாயாக்கள் தங்கமும் பச்சைக்கல்லும், சில சமயம் மனிதர்களையும் போட்ட இடம். அவர்கள் பட்ஜெட் நம்மைவிடப் பெரிது. தாம்ஸன் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி இந்த நிலத்தையே விலைக்கு வாங்கி, 1904 முதல் கிணற்றைத் தூர் வாரி, கிடைத்ததில் நிறையவற்றை ஹார்வர்டின் பீபாடி மியூசியத்துக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு நுழைவுச்சீட்டு கிடையாது என்பதைக் கவனிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்று மெக்ஸிகோ நாட்டவருக்கு மத்திய அரசு டிக்கெட் இலவசம், ஊரே திரண்டு வரும். படிக்கட்டில் பாம்பு நிழல் இறங்கும் மார்ச் 21-ம் அப்படித்தான். முன்னே பின்னே ஓரிரு நாளிலும் அதே நிழல் இறங்கும், ஜனம்தான் குறைவு.

கடைசியாக, பாதையெல்லாம் கடை விரித்திருக்கும் ஆட்கள். 'ஒன் டாலர்! ஆல்மோஸ்ட் ஃப்ரீ!' என்று கூவி, சிறுத்தை உறுமுகிற மாதிரி ஒரு ஊதலை ஊதித் தூக்கிவாரிப் போடுவார்கள். இவர்களில் பலர் பக்கத்துக் கிராமங்களின் மாயாக்கள். மறைந்து போன இனமென்று நாம் சொன்னோமே, அவர்களேதான். மெக்ஸிகோவில் அவர்கள் மொழியை இன்றும் 7 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். வாசலில் 643 பேசோவை மூச்சுவிடாமல் கட்டியவர்கள் இங்கே வந்து மர முகமூடிக்கு 20 பேசோ குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைப் பார்க்கலாம். பேரம் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரிய டிக்கெட் பணம் போகிற பெட்டி வேறு. இவர்கள் கைக்கு வருவது நீங்கள் இங்கே கொடுப்பது மட்டும்தான். பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு 200 பேசோ தனியாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக.