உதவி இருப்பது பெட்டிக்குள்ளா, கோபுரத்திலா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது இலுப்பூர். வட்டத் தலைநகர். இந்தப் பக்கத்து வீடுகளிலும் அரசாங்கம் கொடுத்த மடிக் கம்ப்யூட்டரைப் பார்க்கலாம். பிளஸ்-2 படித்த பெண்ணோ பையனோ கொண்டு வந்தது.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தப் பெட்டிக்கு இரண்டு வாசல்கள். ஒன்று விண்டோஸ். மற்றொன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

சரி, பெட்டி வந்து விட்டது. கடிதத்தின் நடுவே ஒரு அட்டவணை போட வேண்டும். எப்படி? யாரைக் கேட்பது?

தடித்த புத்தகம்

முன்பெல்லாம் மென்பொருள் வாங்கினால், கூடவே தடித்த கையேடு ஒன்றும் வரும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்சுக்கு எழுதிய முதல் கையேடு 1971 நவம்பர் 3-ந் தேதியிட்டது. அந்த வழக்கம் இன்னும் மறையவில்லை. லினக்சில் 'மேன்' என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரையும் தட்டினால் போதும். விளக்கம் வந்து நிற்கும். இன்டர்நெட் வேண்டாம். ஆனால் பெரும்பாலும் இங்கிலீஷ்! அதுவும் வாத்தியாருக்கே தலை சுற்றும் இங்கிலீஷ்.

எப்-1 விசை

விசைப்பலகையின் மேல் வரிசையில் 'எப்-1' என்று ஒரு விசை இருக்கிறதல்லவா? பழைய விண்டோசில் அதைத் தட்டினால், பெட்டிக்குள்ளிருந்தே உதவிப் பக்கம் திறக்கும். 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அதே விசை இன்டர்நெட்டைத் தேடி ஓடியது.

ஓடுவதிலும் லாபம் உண்டு. மென்பொருள் மாறினால் அச்சடித்த புத்தகம் மாறாது. படத்தில் இடது பக்கம் இருக்கும் பொத்தான், திரையில் வலது பக்கம் போயிருக்கும். இன்டர்நெட் பக்கத்தை அன்றைக்கே திருத்தி விடலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, தமிழில் பேசி விளக்கும் வீடியோக்களைப் பார்த்தே பிள்ளைகள் பாதி வேலையைக் கற்றுக் கொள்கிறார்கள்.

கஜா அடித்தபோது

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தையும் அது விட்டு வைக்கவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. செல்போன் கோபுரங்களும் செத்துப் போயின.

அந்த நேரத்தில் எப்-1 எங்கே ஓடும்? பேட்டரியில் மிச்சம் இருந்தாலும், பெட்டிக்குள் இருக்கிற உதவிதான் உதவி. பேட்டரியும் தீர்ந்தால் காகிதம்தான். மண்ணெண்ணெய் விளக்கில் கூடப் படிக்கலாம்.

இதே மாவட்டத்தில்தான் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். தமிழில் நாலு தாள் அச்சடித்துக் கொடுத்தால், "இங்கே தட்டு என்று போட்டிருக்கிறதே!" என்று அம்மாவே சொல்லித் தருவார். இங்கிலீஷ் பக்கம் பெட்டிக்குள் இருந்தால் என்ன, கோபுரத்தில் இருந்தால் என்ன? அவருக்கு இரண்டும் ஒன்றே.

இப்போதைக்கு வீட்டில் செய்யக்கூடியது இதுதான். விண்டோசில் லிபர் ஆபீஸ் வைத்திருப்பவர்கள், அதன் உதவித் தொகுப்பைத் தனியாக இறக்கி வைத்துக் கொள்ளலாம், இலவசம். இறக்காவிட்டால் அதுவும் இன்டர்நெட்டுக்குத்தான் ஓடும். மற்றப் பக்கங்களுக்கு, சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் 'கண்ட்ரோல்' விசையுடன் 'பி'யை அழுத்தி, பி.டி.எப். ஆகச் சேமிக்கலாம். அடிக்கடி தேவைப்படும் பக்கத்தைக் கடையில் கொடுத்து அச்செடுத்து, பெட்டியின் உறைக்குள்ளேயே செருகி வைக்கலாம்.